கடுகினும் சிறிய உதிரியும் ஒரு பழைய மாணவனும்

(ஆலய மண்டபத்தில் கொடையாளர் நன்றி நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக என்னைச் சமயம் பற்றியோ தமிழ்ப்பள்ளி பற்றியோ பேசச் சொல்வார்கள். இன்று ஈயம் பற்றவைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். சென்ற ஆண்டு நீங்கள் கொடுத்த பணத்தில் இரண்டு சூட்டுக்காற்றுக் கருவிகளும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வாங்கினோம். அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆலயத்து ஒலிபெருக்கியின் மிக்சர் ஊமையாகிவிட்டது. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டுப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றார். அன்னதானப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓர் இளைஞன், "சார், நான் பாக்கட்டுமா?" என்றான். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்தவன். "கணக்கு ஏறாத மண்டை" என்று முழு வகுப்பின் முன்னால் நான் சொன்ன பையன். இப்போது ரவாங்கில் கைத்தொலைபேசி பழுது பார்க்கிறான்.

அவன் சுற்றுப்பலகையின் மேல் ஆல்கஹால் சில துளி விட்டான். மிகக் குறைந்த மின்னழுத்தம் கொடுத்தான். ஓரிடத்தில் மட்டும் ஈரம் சட்டென்று உலர்ந்தது. அங்கேதான் ஒரு மின்தேக்கி உள்ளுக்குள் ஒட்டிப்போய்ச் சூடாகிக்கொண்டிருந்தது. சூட்டுக்காற்றால் அதை எடுத்துவிட்டுப் பழைய பலகையிலிருந்து கழற்றிய ஒன்றை வைத்தான். அரை மணி நேரத்தில் மிக்சர் பேசியது. திருவிழா முடிந்ததும், "எனக்கும் கற்றுக்கொடு" என்றேன்.

இந்த உதிரிகளில் 0402 என்று ஓர் அளவு உண்டு. நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அதில் பாதி. கடுகே இதைவிடப் பெரிது. பழைய ரேடியோக்களில் உதிரியின் கால் பலகைத் துளைக்குள் இறங்கும். இவை பலகையின் முகத்திலேயே உட்காருகின்றன. சில சில்லுகளுக்கு வயிற்றுக்கு அடியிலும் ஈயம் உண்டு. பற்றுக்கோல் அங்கே எட்டாது, சூட்டுக்காற்றுதான் எட்டும். பழைய ஈயக் கலவை 183 பாகையில் உருகும். 2006-இல் ஐரோப்பாவின் கட்டுப்பாடு நடப்புக்கு வந்த பிறகு பெரும்பாலான தொழிற்சாலைகள் ஈயமற்ற வெள்ளீயக் கலவைக்கு மாறின. அது உருக 217 பாகையாவது வேண்டும். பலகையும் சூட்டைக் குடிக்கும் என்பதால் கருவியை 350 பாகை அளவில் வைக்கிறோம்.

முதல் நாள் அவசரத்தில் காற்றை வேகமாக வைத்தேன். உதிரி பறந்துவிட்டது. டார்ச் லைட்டோடு தரையில் தவழ்ந்து தேடினேன். அடுத்தது ஒரு முனையில் மட்டும் சூடு பட்டதால் செங்குத்தாக எழுந்து நின்றது. அந்த முனையின் ஈயம் முதலில் உருகி இழுத்துவிடுமாம். தொழிலில் இதற்குக் கல்லறைக்கல் என்று பெயர். மூன்றாவது முயற்சியில் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் செருகி உருகியது. அவன் கோபிக்கவில்லை. "சார், ஒரே எடத்துல பிடிக்காதீங்க. தீபாராதனை காட்டுற மாதிரி சுத்துங்க. மொதல்ல பலகை முழுக்க சூடாகட்டும்," என்றான்.

அப்படியே செய்தேன். ஃப்ளக்ஸ் இலேசாகப் புகைந்தது. மங்கலாக இருந்த ஈயம் திடீரென்று கண்ணாடிபோல் மின்னியது. நான் கோணலாக வைத்த உதிரி, யாரும் தொடாமலேயே மெல்ல நகர்ந்து தன் இடத்தில் நேராக அமர்ந்தது. உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை செய்கிற வேலை அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றுதான் அதைக் கண்ணால் கண்டேன்.

ஒரு நாள் அவனுடைய தாயார் மண்டபத்துக்கு வந்தார். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். என் தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டு இடுக்கியைக் கேட்டார். கண்ணாடிக்குள் ஒரு முறை பார்த்தார். உதிரியை எடுத்தார், வைத்தார். கை நடுங்கவேயில்லை. பால்மரக் காட்டிலிருந்து போய், 1980-களில் சுங்கைவே தொழிற்சாலை ஒன்றில் நுண்ணோக்கியின் கீழ் முடியைவிட மெல்லிய பொன் கம்பியைச் சில்லுகளில் இணைத்தவராம். ஆறு பெண்கள் ஓர் அறையில் தங்கியிருக்கிறார்கள். கண் வலி தாங்காமல் வேலையை விட்டபோது கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லை. மகனுக்கே இதை விவரமாகச் சொன்னதில்லையாம்.

1971-இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. 1972-இல் இண்டெல் பினாங்கு பாயான் லெப்பாசுக்கு வந்தது. உலகச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் பணியில் ஏறத்தாழ 13 விழுக்காடு இன்று நம் நாட்டில் நடப்பதாகச் சொல்கிறார்கள். அதில் இப்படிப்பட்ட பெண்களின் கண்ணும் சேர்ந்திருக்கிறது.

பழைய சொல்லுக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஞாபகமே இல்ல சார்," என்றான். மாணவன் பொய் சொன்னால் ஆசிரியனுக்குத் தெரியாதா?

இப்போது ஏழு பையன்களும் இரண்டு பெண்களும் வருகிறார்கள். பாதிப்பேர் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேலை அனுபவத்தைக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. என் மாணவன் இப்போது அதற்கு விண்ணப்பிக்கிறான். பாரங்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. அந்த அளவுக்காவது நான் பயன்படுகிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பழைய பலகைகளில் ஈயம் உண்டு. பிள்ளைகள் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. புகையை வெளியேற்ற நல்ல விசிறி ஒன்று இன்னும் தேவைப்படுகிறது. கொடைநெஞ்சர்கள் மனம் வைக்க வேண்டும்.

வகுப்பு ஞாயிறு மாலை 4 மணிக்கு. வீட்டில் பழுதான கைத்தொலைபேசி, வானொலி இருந்தால் குப்பையில் வீச வேண்டாம். மண்டப வாசலில் பெட்டி வைத்திருக்கிறோம். பேட்டரியை மட்டும் தனியாகக் கொடுங்கள், சூட்டுக்காற்றுப் பட்டால் அது வெடிக்கும்.