இறக்கத்தில் இரண்டாம் கியர்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு உரைத் தொடரில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் கல்வி, சமயம், மருத்துவம் என்று கனமான விடயங்களைப் பேசினார்கள். எங்கள் செயலாளர் என்னிடம் கேட்டது வேறு. "அக்கா, சனி ஞாயிறில அந்தச் சின்னச் சிவப்புக் காரில எங்க போறனீங்கள் எண்டு எல்லாரும் கேக்கினம், அதைப் பேசுங்கோ" என்றார். ஆகவே இன்று கனம் குறைந்த விடயம். உண்மையிலேயே கனம் குறைந்தது: ஏறக்குறைய 700 கிலோ.

திருகோணமலைக்காரருக்கு மலை என்றால் உவர்மலையும் சுவாமி மலையும்தான். இரண்டையும் இரண்டாம் கியரில் ஏறி முடித்துவிடலாம். உண்மையான மலை வீதிக்கு நாங்கள் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று போகவேண்டும். கண்டி ஏறக்குறைய 180 கிலோமீற்றர். அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா, கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர். சனி விடியப் புறப்பட்டு ஞாயிறு இருட்டுக்கு முன் ஹபரணைக் காட்டைத் தாண்டி வந்துவிடுவது எங்கள் ஒழுங்கு. கூரையில்லாத காரில் இருந்துகொண்டு வீதிக்கு வந்த யானையை நேருக்கு நேர் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

கார் எம்.ஜி. மிட்ஜெட். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1961 முதல் 1979 வரை செய்யப்பட்ட இரண்டு ஆசனத் திறந்த கார். எங்களுடையது முதல் வகை, 948 சீசீ. ஐம்பது குதிரைவலுகூட இல்லை. ஏற்றி இறக்கும் கண்ணாடி இல்லை, கதவுக்கு வெளியில் கைபிடியும் இல்லை. உள்ளே கையை விட்டுத்தான் திறக்கவேண்டும். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதி இறுகியது. 1977க்குப் பிறகுதான் கதவு மீண்டும் திறந்தது. அதனால் அதற்கு முன் வந்த கார்களை நம் நாட்டார் எறியவில்லை, தைத்துத் தைத்து ஓட்டினார்கள். மிட்ஜெட்டின் எஞ்சின் மொரிஸ் மைனரின் எஞ்சினோடு ஒரே குடும்பம். மொரிஸ் மைனர் தெரிந்த ஒரு பாஸ் இல்லாத ஊர் இலங்கையில் உண்டா? அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். எஞ்சினுக்குச் சாமான் கிடைக்கிறது. தகரத்துக்குத்தான் பாடு. துறைமுகத்து உப்புக்காற்று அடித்தட்டை வெளியிலிருந்து தெரியாமல் தின்கிறது. கச்சான் காற்று மாதங்களில் மாதம் இருமுறை கீழ்ப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது என் வேலை. 2022இல் கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் என்றிருந்தபோது அது கொட்டிலில் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது.

இதே வகைச் சிறிய திறந்த காரை ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1989இல் புதிதாகச் செய்து, 2016இல் பத்து இலட்சமாவது காரையும் வெளியிட்டது. வேகத்துக்காக வாங்கியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அதைவிட வேகமான கார்கள் எத்தனையோ உண்டு. மலைவீதியில் பாரம் குறைந்த வண்டி ஓட்டுவது தனிச் சுகம். அகலம் நாலரை அடிக்கும் சற்றுக் குறைவு என்பதால், எதிரே பஸ் வந்தாலும் மலைப்பக்கமும் பள்ளப்பக்கமும் கொஞ்சம் இடம் மிஞ்சும். நிலத்தோடு ஒட்டி இருப்பதால் முப்பது கிலோமீற்றர் வேகமே அறுபதுபோல இருக்கும். ஆகவே சட்டத்தை மீறாமலே சந்தோஷப்படலாம்! நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 முதல் நடந்து வருகிறது. அதில் ஓட எனக்கு ஆசை இல்லை. நேரம் பார்த்து ஓடுகிறவருக்குத் தேயிலை வாசம் தெரியாது.

வாசம் என்று சொன்னேன். கூரை திறந்திருந்தால் வீதியை மூக்கால் படிக்கலாம். நாலந்தைப் பக்கம் ஈரமண், மாத்தளையில் கறுவா, புசல்லாவை தாண்டியதும் தேயிலைத் தொழிற்சாலையின் புகைந்த இனிப்பு. ஆனால் எங்களுக்கு மிகவும் பிடித்த பாதை நுவரெலியாவுக்குப் போவதல்ல. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் ஏறும் ஒடுங்கிய பாதை. ஏறும்போது நனைந்த காடும் பனிமூட்டமும். கணவாயில் காற்று தொப்பியைப் பறிக்கும். அந்தப் பக்கம் இறங்கினால் பிட்டவலைப் பத்தனையின் புல்வெளி. அரைமணி நேரத்துக்குள் இரண்டு நாடு.

உடுப்பைப் பற்றிக் கேட்பீர்கள். நான் சேலைத் தலைப்போ சால்வையோ இல்லாமல்தான் அந்தக் காரில் ஏறுவேன். 1927இல் பிரான்சின் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் திறந்த காரில் போகும்போது, அவருடைய நீண்ட சால்வை சில்லில் சுற்றி அவர் உயிரிழந்தார். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்கும் நம் பிள்ளைகளின் சால்வைக்கும் அதே கணக்குத்தான்.

கூரையைத் திறந்துவிட்டு இந்த வீதியால் போவது எங்கள் வயதுக்காரருக்குச் சாதாரண விடயமில்லை. யுத்த காலத்தில் இதே கந்தளாய், ஹபரணை வீதியில் சோதனைச்சாவடிக்குச் சாவடி பஸ்ஸால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடந்தவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் இருப்பீர்கள். அப்போது யாருக்கும் முகம் தெரியாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலடியில் நிற்காமல் நாங்கள் போவதில்லை. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே கால்நடையாக வந்து சேர்ந்த இடம் மாத்தளை. வழியில் நோயிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். 1823இல் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கிய சிங்ஹாப்பிட்டியும் எங்கள் பாதையில் உள்ள கம்பளையில்தான். அந்த 200 ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்கள். நாங்கள் உல்லாசமாக வளைந்து ஏறும் வீதிக்கு இரண்டு பக்கமும் அவர்களுடைய லயன்கள். கொழுந்துக் கூடையோடு வீதியோரம் நடக்கும் பெண்ணை ஹோர்ன் அடித்து ஒதுக்காமல், வேகத்தைக் குறைத்துப் போவது மிகச் சிறிய மரியாதை. அதைக்கூடச் செய்யாத கார்களை ஏப்ரல் மாதத்தில் நிறையப் பார்க்கிறேன்.

இனி நான் உண்மையில் பேச விரும்பியது. ஏறுவது எஞ்சினின் வேலை. இறங்குவதுதான் ஓட்டுகிறவரின் வேலை. க.பொ.த. சாதாரண தரத்தில் நீங்கள் படித்த அழுத்த சக்தியை நினைத்துப் பாருங்கள். என் காரும் இரண்டு ஆட்களும் பையும் சேர்ந்து 850 கிலோ என்று வைப்போம். ஆயிரம் மீற்றர் உயரம் இறங்கினால் அது இழக்கும் சக்தி 83 இலட்சம் யூல். 28 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஆட்கள் நிறைந்த மூன்று தொன் வேன் என்றால் 100 லீற்றர். பன்னிரண்டு தொன் பஸ் என்றால் 400 லீற்றர், இரண்டு பீப்பாய். அதில் ஒரு பங்கைக் காற்றும் ரயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் எங்கேயாவது வெப்பமாகப் போகத்தான் வேண்டும்.

காலைப் பிரேக்கில் வைத்தபடியே இறங்கினால் அது பிரேக்கில் போகிறது. என் காரில் நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக். சூடேறினால் டிரம் விரிந்து லைனிங்கிலிருந்து விலகும். லைனிங்கின் பிடியும் தளரும். பழைய பிரேக் எண்ணெய் என்றால் அது உறிஞ்சிய ஈரம் கொதித்து, மிதி பஞ்சுபோலக் கீழே போகும். இதற்கு மருந்து ஒன்றுதான்: இறக்கம் தொடங்குமுன் கியரைக் குறைப்பது. எந்தக் கியரில் ஏறவேண்டிய இடமோ அந்தக் கியரில் இறங்குவது. அப்போது எஞ்சினே வண்டியைப் பிடிக்கும், பிரேக் வளைவுக்கு மட்டும் தேவைப்படும். எண்ணெய் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அது மிச்சமுமில்லை: கியரில் இருக்க அக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் நின்றுவிடும், நியூட்ரலில்தான் எஞ்சின் சும்மா எரித்துக்கொண்டிருக்கும்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? உங்களில் திறந்த கார் வாங்கப் போகிறவர்கள் ஒருவரும் இல்லை என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு ஏப்ரலும் நம் ஊரிலிருந்து வேன் வேனாக நுவரெலியா போகிறோம். பாடசாலைப் பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்புகிறோம். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாவில் மாணவர்கள் சென்ற பஸ் ஒரு வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். காரணம் சொல்வது விசாரணைக்காரர் வேலை, நான் அதற்குள் போகவில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த இரவு, நம் பெண்கள் வேனின் பின் ஆசனத்தில் எதுவும் கேட்காமல் இருந்து பழகிவிட்டோமே என்று நினைத்தேன். சாரதி கோபிப்பார், ஆம்பிளையளுக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறோம். "தம்பி, என்ன கியரில இறங்குறீங்கள்?" என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. எரிந்த இறப்பர் நாற்றம்போல ஒன்று வந்தால் அது பிரேக். உடனே ஓரமாக நிறுத்தி, அரைமணி நேரம் தேத்தண்ணி குடிக்கலாம். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடிக்கும்.

ஓட்டத் தெரிந்தும் ஓட்டாமல் இருக்கும் தங்கச்சிமாருக்கு ஒரு சொல். எங்கள் வீட்டில் ஏற்றம் என் கணவருடையது, இறக்கம் என்னுடையது. அப்படிப் பிரித்ததற்கு அவர் சொல்லும் காரணம் வேறு, நான் சொல்லும் காரணம் வேறு. இரண்டையும் இங்கே சொன்னால் பொருளாளர் மணியடிப்பார்.

சங்கம் ஏப்ரலில் ஒழுங்குசெய்யும் நுவரெலியாச் சுற்றுலாவுக்கு வேன்காரரிடம் இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை என்று அறிகிறேன். கொடுக்குமுன் பிரேக் லைனிங்கும் பிரேக் எண்ணெயும் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பிரேரணையாகவே வைக்கிறேன். வழிமொழிய ஒருவர் கை உயர்த்தினால் போதும்.