கரியிழை வண்டியும் உப்புக் காற்றும்

பழவேற்காடு என்றவுடன் சிலர் டச்சுக்காரரின் கல்லறைகளைப் பற்றிப் பேசுவார்கள். 1613இல் அவர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் இடிபாடுகளைத் தேடுவார்கள். சிலர் பூநாரைகளைக் காணத் தொலைநோக்கியுடன் வருவார்கள். ஏரிக்கும் கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து விண்ணை நோக்கி எழும் ஏவுகணைகளைப் பற்றியும் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால் அவ்வூரின் சைக்கிளைப் பற்றி யாரும் பேசக் கேட்டதில்லை. நான் இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885இல், இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக, சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றுமாறு ஒரு வண்டியை அமைத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டார். அவ்வளவுதான், நம் தாத்தாக்கள் ஓட்டிய கறுப்பு வண்டியின் உருவம் அப்போதே முடிவாகிவிட்டது. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் அதே உருவத்தைத்தான் ஆயிரமாயிரமாக வார்த்துத் தந்தது. உருக்குக் குழாய்களைச் சாய்சதுரமாக இணைத்த சட்டம், அகன்ற கேரியர், நிமிர்ந்த கைப்பிடி: இந்த வண்டியில் மீன்கூடையைக் கட்டிக்கொண்டு பொன்னேரிச் சாலையில் சென்றவர்களை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். இப்போது பெரும்பாலோர் மோட்டார் வண்டிக்கு மாறிவிட்டனர். மாறாதவர்களும் இருக்கின்றனர்.

அந்த வண்டிக்குப் பகை உப்புக் காற்று. காலையில் துடைத்த ரிம் மாலையில் சிவந்திருக்கும். கம்பிகள் ஒவ்வொன்றாய் முறியும். கப்பு, கோன், பால்ரஸ் எல்லாம் கரகரக்கும். சைக்கிள் கடைக்காரர் 'ஓவராயில்' செய்யவேண்டும் என்பார். அந்தச் சொல் ஆங்கிலத்தில் ஓவர்ஹால். நம் ஊரில் எண்ணெய் போடும் வேலையும் அதில் அடங்குவதால், நம்மவர் திருத்தம் மூலத்தைவிடப் பொருத்தமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஊரில் ஓர் இளைஞர், என்னிடம் எந்திரவியல் பயின்றவர், தம் கையாலேயே ஒரு மலைவண்டியைக் கட்ட முற்பட்டார். சாதாரண மலைவண்டியன்று. சட்டம் முழுவதும் கரியிழையால் ஆனது. முன்னும் பின்னும் அதிர்வுதாங்கிகள் கொண்டது. சட்டத்தைப் பழையதாக வாங்கினார்; மற்ற உறுப்புகளை மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள குப்பம் ஒன்றில், ஃபைபர் படகு பழுதுபார்க்கும் கொட்டகையின் ஒரு மூலைதான் அவருக்குத் தொழிற்சாலை. மலையே இல்லாத ஊரில் மலைவண்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய தாயாரும் அதையேதான் கேட்டார். மேற்கே நாகலாபுரம் மலைகள் இருக்கின்றன என்று அவர் விடை சொன்னார். மணலும் கிளிஞ்சலும் பனைவேரும் நிறைந்த குப்பத்துப் பாதை மலைக்கு எவ்வகையில் இளைத்தது என்று நானும் சேர்ந்து சொன்னேன்.

சட்டத்தைக் கொட்டகைக்குக் கொண்டுவந்த அன்று, படகு பழுதுபார்ப்பவர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். விரல் முட்டியால் ஆங்காங்கே தட்டினார். தேங்காய் வாங்குகிறவர் செவி சாய்ப்பதுபோல் செவி சாய்த்தார்.

"என்ன ஐயா இது? நாங்கள் படகுக்கு ஒட்டுகிற சரக்கையே வண்டிக்கும் ஒட்டியிருக்கிறார்களே!" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரங்கள் அருகிக் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. கண்ணாடியிழைப் பாயை விரித்து, ரெசினை ஊற்றி, உருளையால் அழுத்திக் காய விடுகிறார்கள். இழை வலிமை தருகிறது. ரெசின் இழைகளைப் பிரியாமல் பிடித்துக்கொள்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1980இல் வெற்றியுடன் எழுந்த எஸ்.எல்.வி.-3 ஏவுகணையின் மேலடுக்குகளுக்கும் இழையும் ரெசினும் சேர்ந்த உறைகளே அமைந்தன. ஆக, ஏரியின் ஒரு கரையில் ஏவுகணைக்கும் மறு கரையில் மீன்படகுக்கும் ஒரே தத்துவம் தொண்டு செய்கிறது. கரியிழை வண்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உறவினர்.

கரியிழையின் கதையும் சுவையானது. கம்பளிச் சட்டைக்குப் பதிலாக நாம் அணியும் செயற்கைச் சட்டையின் நூல் இருக்கிறதல்லவா? ஏறக்குறைய அதே இனத்து நூலைக் காற்றில் பக்குவமாகச் சுட்டு, பின் உயிர்வளி புகாத உலையில் ஆயிரம் பாகைக்கு மேல் காய்ச்சினால், மற்றவை நீங்கிக் கரி மட்டும் எஞ்சும். 1958இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் மிகுந்த வலிமையுள்ள கரி நூல்களை ஆய்வுக்கூடத்தில் கண்டார். ஜப்பானில் அக்கியோ ஷிண்டோ 1960களின் தொடக்கத்தில் இந்தச் செயற்கை நூல் வழியைக் காட்டினார். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வாளர்கள் அதை வளர்த்தனர். 1986இல் பிரான்சு நாட்டைச் சுற்றும் பெரும் பந்தயத்தில் கிரெக் லெமாண்ட் கரியிழை வண்டியில் வென்றார்.

உருக்கு நீரைப்போல் 7.8 மடங்கு கனமுடையது, அலுமினியம் 2.7 மடங்கு, கரியிழைக் கலவையோ ஏறத்தாழ 1.6 மடங்கே. ஆனால் எடை குறைவு என்பதற்காக மட்டும் அதைப் போற்றுவது அரைகுறை அறிவு. மூங்கிலை நினைத்துப் பாருங்கள். நீளவாக்கில் இழுத்தால் அறாது. கத்தியை முனையில் வைத்துத் தட்டினால் இரண்டாய்ப் பிளக்கும். கரியிழையும் அப்படித்தான்: இழை ஓடும் திசையில் அது வீரன், குறுக்கே அது கோழை. ஆகையால் வண்டியின் எந்த இடத்தில் எந்தத் திசையில் விசை வருகிறதோ, அந்தத் திசையில் இழையைப் படிய வைக்கவேண்டும். மிதிபலகை அச்சைச் சுற்றி ஒரு வகை, இருக்கைக்குக் கீழே வேறொரு வகை. உருக்குக் குழாய் எல்லாத் திசையிலும் ஒரே குணம் உடையது. கரியிழைச் சட்டமோ அமைப்பவரின் எண்ணத்தை அடுக்கடுக்காய்த் தன்னுள் வைத்திருக்கிறது.

அதிர்வுதாங்கியைப் பற்றியும் ஒரு சொல். வில் மட்டும் இருந்தால் வண்டி பந்துபோல் துள்ளிக்கொண்டே போகும். ஆதலால் வில்லுடன், சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளும் ஒரு தணிப்பானும் வேண்டும். துள்ளும் ஆற்றல் அங்கே வெப்பமாகிவிடும். நம் இளைஞரின் வண்டியில் வில்லுக்குப் பதில் அடைத்த காற்று. ஏறி உட்கார்ந்ததும் பின்தாங்கி அதன் மொத்த அசைவில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து முப்பது விழுக்காடு வரை தாழவேண்டும். 140 மில்லிமீட்டர் அசைவுள்ள வண்டியானால் 35 முதல் 42 வரை. காற்றைக் கூட்டியும் குறைத்தும் இதைச் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது சென்றது. திருகுகளை இறுக்குவதற்கு விசை காட்டும் சாவி ஒன்றையும் அவர் வாங்கியிருந்தார். 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும் இடத்தில் நம் கடைக்காரர் வழக்கப்படி 'இன்னும் ஒரு சுற்று' இறுக்கினால் கரியிழை நசுங்கிவிடும்.

சில மாதங்கள் வண்டி நன்றாக ஓடியது. பின்பு ஒருநாள் இருக்கைத் தண்டை உயர்த்த முயன்றார், அது அசையவில்லை. தண்டு அலுமினியம், அது நுழையும் குழாய் கரியிழை. இங்கே மாணவர்கள் தங்கள் வேதியியல் பாடத்தை நினைவுகூரவேண்டும். இரண்டு வேறுபட்ட கடத்திகளை உப்புநீரில் தொடுவித்தால் மின்கலம் பிறக்கும் என்று படித்திருக்கிறீர்கள். கரி மின்சாரத்தைக் கடத்தும். கரி, அலுமினியம், நடுவே பழவேற்காட்டு உப்பு ஈரம்: வோல்டா செய்த மின்கலம் இருக்கைக்கு அடியிலேயே அமைந்துவிட்டது! இக்கலத்தில் தேய்வது அலுமினியமே. தேய்ந்து வெண்பொடியாகும், அந்தப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் கொள்வதால் உப்பித் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரும்பைத் தின்னும் துருவுக்குத் தப்பிக் கரியை நாடினோம். உப்போ வேறு வாசல் வழியாய் வந்துவிட்டது.

தண்டை எப்படியோ எடுத்தோம். ஆனால் தேடத் தொடங்கிய கண்ணுக்கு வேறொன்றும் தென்பட்டது. பின்சக்கரத்தைத் தாங்கும் கவையில், அலுமினிய வளையம் கரியிழைக்குள் பதிந்த இடத்தில், வண்ணப்பூச்சு குமிழிட்டு ஒரு மயிரிழைக் கீறல் இருந்தது. படகுக்காரர் நாணயத்தால் தட்டிப் பார்த்தார். மற்ற இடங்களில் 'டிக்' என்றது, அங்கு 'டொக்' என்றது. உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று பொருள்.

"இரண்டு பாய் வைத்து ஒட்டிவிடுகிறேன் தம்பி, படகே தாங்குகிறது, வண்டி தாங்காதா?" என்றார் அவர்.

இளைஞருக்கு ஆசை. மறுவாரம் மலைக்குச் செல்ல நாள் குறித்திருந்தார். புதிய சக்கரங்களுக்கென்று சேர்த்த பணமும் கையில் இருந்தது. கவைக்குச் செலவிட்டால் சக்கரம் இல்லை. நான் வேண்டாம் என்றேன். படகு ரெசின் பாலியெஸ்டர் வகை. சட்டத்தில் உள்ளதோ எப்பாக்சி. ஆறி இறுகிய எப்பாக்சியின்மேல் பாலியெஸ்டர் உறுதியாய்ப் பற்றாது. கண்ணாடியிழைக்குக் கரியின் விறைப்பும் இல்லை. இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உருக்கு வளைந்து எச்சரிக்கும். கரியிழை பல வேளைகளில் எச்சரிக்காமலே முறியும். படகில் ஒட்டு விட்டால் தண்ணீர் கசியும், கரைக்குத் திரும்பலாம். மலைச்சரிவில் கவை முறிந்தால் திரும்புவதற்கு நேரம் ஏது? பொறியியலில் சிக்கனத்துக்கு இடம் உண்டு. ஆனால் எந்த உறுப்பில் சிக்கனம் என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான் அக்கலை. உறுப்புகளை உயர்த்தும் ஆசையுள்ளவர் முதலில் டயரையும் தடையையும் பார்க்கட்டும். பளபளக்கும் சக்கரம் பிறகு வரலாம்.

படகுக்காரர் சற்று வருந்தினார். ஆயினும் மறுநாள் அவரே, "கரிக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் எங்கள் கண்ணாடிப் பாய் ஒரு சுற்று இருந்திருந்தால்?" என்று கேட்டார். நான் வியந்துபோனேன். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. விமானம் செய்பவர்களும் நல்ல சட்டம் செய்பவர்களும் இடையே கண்ணாடியிழை அடுக்கு வைப்பது இதற்காகவே. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒருவர் ஓரிரவில் அதை எட்டிவிட்டார்.

நல்ல வேளையாகப் பின்கவை இவ்வகை வண்டியில் தனி உறுப்பு. அதே அமைப்புக்கு முழு அலுமினியத்தில் ஒரு கவை கிடைத்தது. எடை சில நூறு கிராம் கூடியது. அதற்கு இளைஞர் முகம் சுளித்தார். இப்போது அவர் மாதம் ஒருமுறை இருக்கைத் தண்டை உருவித் துடைத்து, கரியிழைக்கென உள்ள பசையைத் தடவிச் செருகுகிறார். ஓட்டி வந்தவுடன் நல்ல நீரை மெதுவாக ஊற்றிக் கழுவி உலர்த்துகிறார். பீய்ச்சி அடிப்பதில்லை, அடித்தால் உப்பு பால்ரஸுக்குள் புகும்.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு முதியவர் தம் கறுப்பு வண்டியைக் கொட்டகையில் சாய்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். மீன் விற்பவர். ஒருநாள், "இவ்வளவு வித்தை செய்கிறீர்களே, என் வண்டிக்கு ஒன்றுமில்லையா?" என்றார். கரியிழையும் அதிர்வுதாங்கியும் அவருக்கு உதவா; பின்தாங்கி உள்ள வண்டியில் அவர் ஏற்றும் சுமைக்குரிய கேரியரைக் கட்டவே இடமில்லை. நாங்கள் அவர் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். மீன்பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடியும் உப்புநீர் நேரே பின்சக்கரத்து அச்சிலும் சங்கிலியிலும் விழுந்துகொண்டிருந்தது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைக் கோத்துக் கோட்டம் எடுத்தோம். மிதி அச்சை மூடிய வகையாக மாற்றினோம். படகுக்காரர் பழைய லாரி ட்யூபை நீளமாக அறுத்து, கேரியருக்கு அடியில் வாய்க்கால்போல் சாய்த்துக் கட்டினார். மீன் தண்ணீர் இப்போது சங்கிலியைத் தொடாமல் இடப்பக்கமாகச் சாலையில் சொட்டுகிறது. அவர் போன வழியைப் பூனைகள்தாம் நன்றாக அறியும்.