பல்லை ஆட்டிவைத்தது யார்?

பல் தேய்க்கும்போது நுரையில் லேசாக ரத்தம் தெரிந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோவதே இல்லை. அங்கேதான் அழுக்கு படிந்து, காரையாக இறுகி, ஈறு வீங்குகிறது. காரையை எந்த பேஸ்ட்டும் கரைக்காது; பல் டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் ஆழம் வரை இடைவெளி சகஜம். அதற்குமேல் ஆழமானால், உள்ளே எலும்பு கரையத் தொடங்கியிருக்கலாம்.

“கிளீன் பண்ணினால் பல் ஆடும்” என்று பயமுறுத்துவார்கள். ஆடவைத்தது ஈறு நோய்தான், காரை அண்டக் கொடுத்து நின்றதால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்!

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தக்கசிவு குறைவாகவே தெரியும். சந்தோஷப்பட வேண்டாம், புகை அதை மறைக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் பல் டாக்டரிடம் ஈறையும் காட்டிக்கொள்ளுங்கள். ஈறு புண்ணானால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமம்.