சித்திரை முதல் செவ்வாய்: யவனர் கணக்கும் நம் பஞ்சாங்கமும்



கணக்காசிரியராக வாழ்ந்து மறைந்த ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. கிரேக்கப் பண்பாடு பிற சமூகங்களுக்குத் தந்தது என்ன என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். ஏதென்ஸ், சாக்ரடீஸ், அலெக்சாந்தர் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. நான் சமயபுரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அங்கே மாரியம்மன் ஆத்தாளின் தேர் எப்போது? சித்திரை முதல் செவ்வாய். பூச்சொரிதல் எப்போது ஆரம்பம்? மாசிக் கடைசி ஞாயிறு. அன்று தொடங்கி 28 நாள் அம்மனுக்குப் பச்சைப் பட்டினி விரதம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த செய்தி. சித்திரை என்பது சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும்போது பிறக்கும் மாதம். செவ்வாய் என்பது ஏழு நாள் வாரத்தில் ஒரு நாள். இந்த ராசியும் இந்தக் கிழமையும் நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் கிரேக்கர்கள் நிற்கிறார்கள். என் பேச்சு முழுவதும் அந்த வழியைப் பற்றியதுதான்.

யவனர்கள் என்று நம்மவர் அழைத்த அந்தக் கிரேக்கர்கள் நம் பக்கத்துக்கு நேராகவே வந்தவர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்த கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, அர்கரு என்ற உள்நாட்டு ஊரைச் சொல்கிறது. அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்பட்ட மெல்லிய துணி அங்கிருந்து ஏற்றுமதியானதையும் சொல்கிறது. அர்கரு நம் உறையூர்தான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் அகழ்ந்தபோது ரௌலட்டட் எனப்படும் அலங்காரப் பானை ஓடுகள் கிடைத்தன. சாயத்தொட்டி என்று கருதப்படும் கட்டுமானம் ஒன்றும் கிடைத்தது. இங்கே நெய்து தோய்த்த துணியை அலெக்சாந்திரியாவில் யாரோ உடுத்தியிருக்கக்கூடும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

பதிலுக்கு அவர்கள் தந்தது என்ன? சங்கப் பாடல்கள் விடை சொல்கின்றன. முசிறியில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய மரக்கலம் அகநானூற்றில் வருகிறது. யவனர் கொண்டுவந்த மது புறநானூற்றிலும், அவர்கள் செய்த பாவை விளக்கு நெடுநல்வாடையிலும் வருகின்றன, அரசனின் பாசறையைக் காத்த யவனக் காவலர் முல்லைப்பாட்டில் வருகிறார்கள். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில், கருக்காக்குறிச்சியில், 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளிவெட்டு இருக்கிறது. அந்த முகம் இங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, தங்கம்தான் வேண்டியிருந்தது போலும்.

காந்தாரத்தில் புத்தர் சிலையின் ஆடை மடிப்பிலேயே கிரேக்கச் சிற்பியின் கை தெரிகிறது. சோழநாட்டில் அப்படி ஒன்றும் இல்லை. நேரே வந்தவர்கள் விளக்கையும் மதுவையும் பொன்னையும் தந்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய தெய்வங்களையோ நாடகத்தையோ சிற்பத்தையோ நாம் கேட்டு வாங்கவில்லை. சில நூற்றாண்டுகளில் அந்த மதுவும் விளக்கும் மறைந்தே போயின.

மறையாமல் நின்றது வேறு வழியில், வடக்கேயிருந்து, வடமொழியின் வழியாக வந்தது. மேற்கிந்தியாவில் குடியேறிய யவனர்கள் தங்கள் சோதிட நூல்களைக் கொண்டுவந்தார்கள். ஸ்புஜித்வஜர் பெயரில் 'யவன ஜாதகம்' என்ற நூல் இருக்கிறது. அறிஞர் டேவிட் பிங்ரீ 1978-இல் அதைப் பதிப்பித்தார். அதன் காலம் பற்றி இன்றும் வழக்காடுகிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் சோதிட அறிஞர் வராகமிகிரர் மேஷத்துக்கு 'க்ரிய' என்றும் ரிஷபத்துக்குத் 'தாவுரி' என்றும் கிரேக்கப் பெயர்களையே தம் நூலில் எழுதிவைத்தார். யவனர்கள் மிலேச்சர்களானாலும் இந்தச் சாத்திரத்தில் தேர்ந்தவர்கள், ஆகவே ரிஷிகளைப் போல மதிக்கத்தக்கவர்கள் என்ற பழங்கருத்தையும் பதிவுசெய்தார். வாங்கிய இடத்தை மறைக்காத அந்த நேர்மைக்காகவே அவரை நான் வணங்குகிறேன்.

கிழமை பிறந்த கதையை நம் நாட்காட்டியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதில் ஓரை அட்டவணை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை உதயத்தில் சூரிய ஓரை. அடுத்து சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய், மறுபடி சூரியன். இந்த வரிசை எங்கிருந்து வந்தது? பூமியை நடுவில் வைத்து, மெதுவாகச் சுற்றும் சனியிலிருந்து விரைவாகச் சுற்றும் சந்திரன் வரை கோள்களை அடுக்கிய கிரேக்க வரிசை அது. ஒரு நாளுக்கு 24 ஓரை. ஏழு ஏழாகக் கழித்தால் மூன்று மிஞ்சும். ஆகவே சூரியனில் தொடங்கினால் மறுநாள் முதல் ஓரை சந்திரனுக்குப் போகும், அது திங்கள். அதேபோல் எண்ணினால் அதற்கு மறுநாள் செவ்வாய். ஏழு கிழமையும் இந்த ஒரே கணக்கில் வரிசையாக விழுகின்றன. இந்தக் கணக்கு கிரேக்கர் ஆண்ட எகிப்தில் உருவானதாகக் கருதுகிறார்கள். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயிச் சுவரிலும் கிழமைப் பெயர்களின் பட்டியல் கிறுக்கப்பட்டிருக்கிறது. இந்தியக் கல்வெட்டில் கிழமை தெளிவாகத் தெரிவது மத்தியப் பிரதேசத்து ஏரணில், புதகுப்தன் காலத்தில், கி.பி. 484-இல். அது ஒரு வியாழக்கிழமை.

தமிழில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. அகநானூற்றுத் திருமணங்களில் பார்ப்பது திங்கள் உரோகிணியைச் சேரும் நாளைத்தான், கிழமைப் பேச்சே இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த நாளுக்கு ஆடி மாதம், தேய்பிறை, கார்த்திகை, அட்டமி என்பதோடு வெள்ளிக்கிழமையும் சேர்ந்துவிடுகிறது. காலக்கணித அறிஞர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அந்தக் குறிப்பை வைத்துக் கணக்குப் போட்டு கி.பி. 756 என்றார். அதை ஏற்காதவர்கள் பலர். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரின் கோளறு பதிகம் கோள்களைக் கிழமை வரிசையிலேயே நிறுத்திவிட்டு, பாம்பு இரண்டையும் கடைசியில் சேர்க்கிறது. வரிசை யவனருடையது. ராகுவும் கேதுவும் நம்முடையவர்கள். கோளுக்கு அஞ்ச வேண்டாம் என்று பாடிய வாக்கில் இந்த இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்துவிட்டன.

பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் இன்ன ராசியில் சூரியன், இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம் என்று நாள் குறித்தார்கள். அதனால்தான் கல்வெட்டு அறிஞர் கீல்ஹார்ன் 'எபிகிராபியா இண்டிகா' இதழில் சோழ மன்னர்கள் பட்டமேறிய ஆண்டுகளைக் கணித்துத் தர முடிந்தது. நட்சத்திரம் மட்டும் இருந்திருந்தால் மாதத்துக்கு ஒரு முறை அது திரும்பத் திரும்ப வரும், ஆண்டைப் பிடிக்க முடியாது.

எல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் இங்கிருந்தே போனது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்கு வருத்தம் தருகின்றன. பன்னிரண்டு ராசியைக் கிரேக்கர்களே பாபிலோனியரிடமிருந்துதான் பெற்றார்கள், 24 மணியை எகிப்தியரிடமிருந்து பெற்றார்கள். நம் பக்கத்தில் திதியும் நட்சத்திரமும் அதற்கு முன்பே இருந்தன. சன்னதியில் அர்ச்சனைக்கு நின்று ராசியையும் நட்சத்திரத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறோமே, அதில் இரண்டு தேசத்து வானம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 1825-இல் ஜான் வாரன் என்பவர் 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, வாய்ப்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை அதில் விவரித்திருக்கிறார். கையில் ஓலைகூட இல்லை. நூறாண்டுக்கும் மேல் கழித்து, 1952-இல் வானியல் வரலாற்று அறிஞர் ஓட்டோ நொய்கபவர் 'தமிழ் வானியல்' என்ற கட்டுரையில் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். சந்திரன் தன் வேகம் கூடிக் குறையும் சுற்றை ஒன்பது முறை முடிக்க 248 நாள் ஆகிறது. வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்தது அதற்காகத்தான். அதே 248 நாள் சுழற்சி பாபிலோனியக் கணக்கிலும், எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏட்டிலும் இருக்கிறது. அங்கே மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்த முறை, இங்கே ஒரு மனிதரின் நாவிலும் விரலிலும் உயிரோடு இருந்தது!

அந்த வாக்கியங்களை அறிந்த குடும்பங்கள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இரு கரையிலும் இருந்தன. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பஞ்சாங்கக் கணித ஏடு கிடந்தால் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடாதீர்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ சரசுவதி மகாலிலோ படியெடுக்கக் கொடுங்கள். சோழி அடுக்கத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், இந்த மாணவர்களில் இருவரை அவரிடம் அனுப்ப நான் காத்திருக்கிறேன்.