எதிரேறும் மீனுக்கு வழி விடுங்கள்

ஆம்பூரில் பாலாறு என்று ஆரம்பித்தாலே தோல் கழிவுக்குத்தான் வருவான் என்று நினைப்பீர்கள். அதற்கு உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்லியிருக்கிறது. நான் பேச வந்தது எந்தத் தீர்ப்பிலும் இல்லாத பொருள்: சாலைக்கு அடியில் நாம் புதைக்கிற சிமெண்ட் குழாய்.

2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியதே, நம் பக்கத்து ஏரிகள் கோடி போயினவே! அப்படிப் புதுத்தண்ணீர் வரும்போது கெண்டையும் கெளுத்தியும் முட்டையிட எதிரேறும். கால்வாயைச் சாலை கடக்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஓடையில் கல்லும் புல்லும் தண்ணீரை மட்டுப்படுத்தும். குழாய்க்குள் எல்லாம் வழவழப்பு. தண்ணீர் ஆழமில்லாமல் சீறுகிறது. விரல் நீளக் கெண்டை சில விநாடி பாய்ந்து பார்க்கும், களைத்துப்போய் அடித்துச் செல்லப்படும்.

இதற்கு வெளிநாடுகளில் குழாயின் தரையில் குறுக்குத் தடுப்புகள் வைக்கிறார்கள். டேனரி டிரம்முக்குள் கட்டைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதுபோல. ஆழம் கூடும், வேகம் குறையும், தடுப்பின் மறைவில் மீன் இளைப்பாறும்.

ஆனால் தடுப்பு, வேகத்தை விழுங்கிவிடுவதில்லை, சுழலாக மாற்றுகிறது. மீனின் நீளத்துக்குச் சுழல் எழுந்தால் அதைப் புரட்டிப்போடும், எது எதிர்நீர் என்றே அதற்குத் தெரியாது. ஒரு கன மீட்டர் நீரில் எத்தனை வாட் ஆற்றல் கரைகிறது என்று பொறியாளர்கள் கணக்கிடுவார்கள். சால்மன் ஏறும் படித்தொட்டிகளில் 200 வாட் வரை விடுவதுண்டு. நம் கெண்டை அதைத் தாங்காது, வெகுவாகக் குறைக்க வேண்டும். ஆகவே உயரமான தடுப்பு நல்ல தடுப்பு என்று எண்ணாதீர்கள். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்ததாக வையுங்கள். ஓர் ஓரம் கொந்தளித்தாலும் மறு ஓரம் அடங்கியிருக்கும். மீன் அந்த ஓரத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

குப்பை சிக்கிக் குழாய் அடைக்கும் என்பார் பொறியாளர். நியாயம்தான்; நம்மூர்க் கால்வாயில் பாலிதீன் வராத நாள் எது? அதனால்தான் புதிதாகக் கட்டும் இடத்தில் தடுப்பே வேண்டாம் என்கிறேன். அகலமான பெட்டிப் பாலம் கட்டுங்கள், அதன் தளத்தை ஓடைத் தரைக்குக் கீழே இறக்குங்கள், மேலே ஓடையின் கல்லும் மணலுமே கிடக்கட்டும்.

இடிக்க முடியாத பழைய குழாய்களுக்குத் தடுப்பு வையுங்கள். அதற்கும் முன்னால் கீழ்வாயைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் அங்கே ஒரு முழ உயரத்திலிருந்து கொட்டினால், கீழே பாறை அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்துங்கள். மீன் குழாய்க்குள் நுழைந்தால்தானே ஐயா, தடுப்புக்கு வேலை!