குளக்கரை யார் கணக்கில்?

(ஸ்ரீவராகத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை பிடித்தால் ஸ்ரீவராகம் சந்துகளில் தண்ணீர் ஏறுகிறது. கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டு நாம் ஊருக்குப் போன் போடுகிறோம். முதல் கேள்வி, "குளம் எப்படி இருக்கு?" பிழைக்க வந்தவர்கள் நாம், பெற்றவர்கள் குளத்துக்குக் கீழே இருக்கிறார்கள்.

குளக்கரை என்பது மண் அணைதான். மேட்டு வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி, மிஞ்சியதை மறுகால் வழியே அடுத்த குளத்துக்கு விடுகிறது. பாசனத்துக்கு என்று எழுதி வைத்தாலும், பாதி வேலை வெள்ளத்தைத் தடுப்பதே. ஒன்று உடைந்தால் மொத்தத் தண்ணீரும் கீழ்க்குளத்தின் கரையில் போய் மோதும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போக, சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். நாம் ரயில்வே குமாஸ்தா என்பதால் அந்த நாட்களில் நம்மிடம் கேட்காத ஆளில்லை: "சார், வண்டி எப்ப ஓடும்? ஊரு இருக்கா?" பதில் சொல்ல வாய் வரவில்லை.

அவ்வளவு மழையை எந்தக் கரை தாங்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மழைக்கு முன்பே பழுது காட்டும் கரைகளும் உண்டு. கரையின் வெளிப்புற அடியில் தெளிந்த நீர் கசிந்தால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். அன்றே ஆள் வர வேண்டும். எலி வளை, மரத்தின் மக்கிய வேர், தூர்ந்த மறுகால், இவையெல்லாம் நம் தாத்தாமாருக்குத் தெரிந்த சங்கதிகள்.

மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரி மாவட்டத்துத் திவரே அணையும் சிறிய மண் அணைதான். கசிகிறது என்று ஊரார் முன்பே முறையிட்டிருந்தார்கள். 2019 ஜூலை 2 இரவு அது உடைந்தது. 19 பேருக்கு மேல் மாண்டார்கள். நண்டுகள் துளைத்துவிட்டன என்றார் மந்திரி. நண்டு மனுவா வாங்கியது?

2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகள் அதில் அடங்கும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் சில நிபந்தனைகள். நம்மூர்க் குளக்கரையில் பெரும்பாலானவை அவ்வளவு உயரமே இல்லை. கீழே எத்தனை குடிசை இருக்கிறது என்று அந்தக் கணக்கில் யாரும் கேட்பதில்லை.

ஆகவே கேட்பது நம் வேலை. தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள குளம் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியது நீர்வளத் துறையின் பொறுப்பு. எந்த ஆபீஸ் என்று தெரியாமலே பாதி மனுக்கள் தொலைகின்றன. இந்த முறை ஊருக்குப் போகிறவர்கள் கரைமேல் ஒரு நடை நடந்து, கசிவு எங்கே, மறுகால் அடைந்திருக்கிறதா என்று பார்த்து எழுதி வாருங்கள். மனு நாம் எழுதித் தருகிறோம். வாசலருகே நோட்டு இருக்கிறது. ஊர்ப் பெயரையும் குளத்தின் பெயரையும் இன்றே பதிந்துவிட்டுப் போங்கள்.