திரியும் கம்பியும்

பருத்தி ஏற்றுமதியால் பெயர் பெற்றது என்று சொல்லப்படும் பருத்தித்துறையில், 1990ஆம் ஆண்டுக்குப் பின் பஞ்சின் அருமை மீண்டும் புலப்பட்டது. போரினால் மின்சாரம் அற்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருகியது. வீடுகளில் ஜாம் போத்தல் விளக்குத் தோன்றிற்று. போத்தலின் அடியிற் பஞ்சை இட்டுச் சிறிது எண்ணெய் வார்த்தனர். சைக்கிள் வால்விற் கோத்த நூல்திரியைக் கம்பியால் நிறுத்தினர்.

எந்த நூலும் திரியாகுமோ? ஆகாது, நேயர்களே. பருத்தியின் இழைகளுக்கிடையே எண்ணெய் தானே மேலேறும். நைலோனோ சூட்டில் உருகிவிடும். இறுகத் திணித்த திரியில் எண்ணெய் ஏறாது. தடித்த திரி புகைந்து எண்ணெயை விழுங்கும். கம்பியும் அவ்வாறே: பிளாஸ்டிக் உறையுடையது கருகி நாறும், வெறும் இரும்புக் கம்பியே சுடரைத் தாங்கும்.

பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்கு அச்சிறு சுடரே துணை. நல்ல திரி, ஒரு பிள்ளைக்கு இன்னும் ஒரு பக்கம் படிக்கும் பொழுதை ஈந்தது.